பதில் கூவாத சேவல்: வடசிலாங்கூர்த் தோட்டங்களில் காட்டுக்கோழி வேட்டை

செங்காட்டுக்கோழி மலாயாத் தீபகற்பத்தின் காட்டோரப் பறவை. பெருங்காட்டின் நடுவில் அது அரிது. காடு முடிந்து வெளி தொடங்கும் விளிம்பு, மூங்கில் புதர், பயிரிட்டுக் கைவிட்ட நிலம் ஆகியவையே அதற்கு உகந்த இடங்கள். உலகெங்கும் வளர்க்கப்படும் வீட்டுக்கோழியின் மூதாதை இதுதான். தென்கிழக்காசியாவின் வடபகுதியில் வாழும் ஸ்படீசியஸ் என்ற கிளையினத்திலிருந்தே வீட்டுக்கோழி பெரும்பாலும் தோன்றியது என்று 2020இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு முடிவு கூறியது. தீபகற்ப மலேசியாவில் வாழ்வதும் அதே கிளையினம்தான். ஆகவே காட்டுச் சேவலும் வீட்டுச் சேவலும் ஒரே இனம். ஒன்றின் கூவல் மற்றதற்குப் புரியும். கோல சிலாங்கூரிலும் அதை அடுத்த வடசிலாங்கூர்த் தோட்டங்களிலும் நெடுங்காலம் நடந்துவந்த காட்டுக்கோழி வேட்டை இந்த உறவின்மேல் எழுந்தது.

சேவல் கூவுவது தன் எல்லையை அறிவிக்கத்தான். கூவுவதற்கு முன் சிறகுகளை உடம்பில் அடித்து ஓசை எழுப்பும். காட்டுச் சேவலின் கூவல் வீட்டுச் சேவலுடையதைவிடக் குட்டையானது. கடைசி அசை இழுபடாமல் சட்டென அறுந்துவிடும். விடியலில்தான் அது அதிகம் கூவும். மாலையில் அடையும் முன்னும் சிறிது நேரம் கூவும். தன் எல்லைக்குள் வேறொரு சேவலின் குரல் கேட்டால், அங்கே ஆட்சி செலுத்தும் சேவல் பதில் கூவிக்கொண்டே குரல் வந்த திசைக்கு நடந்து வரும். வேட்டைக்காரருக்கு வேண்டியது அந்த நடைதான்.

மலாய்க்காரர்கள் இதற்குப் பழக்கும் சேவலை ஆயாம் டெனாக் என்பார்கள். தமிழில் பார்வைச் சேவல். காட்டுச் சேவலையும் உடல் சிறுத்த நாட்டுக் கோழியையும் இணைத்துப் பெற்ற கலப்புக் குஞ்சுகளிலிருந்து இது தேர்ந்தெடுக்கப்படும். உடல் சிறிதாகவும், குரல் காட்டுச் சேவலுடையதைப் போல வெட்டுண்டு முடிவதாகவும், புதிய இடத்தில் கட்டினாலும் அஞ்சாமல் கூவுவதாகவும் இருக்க வேண்டும். மூன்றாவது குணம்தான் கிடைப்பதற்கு அரியது. முற்றத்தில் ஓயாமல் கூவும் சேவல் காட்டுக்குள் கொண்டுபோனதும் வாயடைத்துப் போவது சாதாரணம். அதனால் குஞ்சுப் பருவத்திலிருந்தே அதைக் கையில் தூக்கிக்கொண்டு அலைவார்கள். ஒரே இடத்தில் கட்டி வளர்க்கமாட்டார்கள்.

பார்வைச் சேவலின் காலில் கயிறு கட்டி முளையில் பிணைப்பார்கள். அதைச் சுற்றி வட்டமாக ராச்சிக் நடப்படும். சிறு குச்சிகளை வரிசையாக ஊன்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சுருக்கு தொங்கவிட்ட அமைப்பு அது. பழைய நாளில் சுருக்குகள் நாராலும் பிரம்பாலும் ஆனவை. பின்னாளில் நைலான் நரம்பு வந்தது. எதிரியைத் தாக்கப் பாயும் காட்டுச் சேவல், பார்வைச் சேவலை எட்டும் முன்பே கழுத்திலோ காலிலோ சுருக்கு விழுந்து மாட்டிக்கொள்ளும். வட்டம் போதிய அகலத்தில் இல்லாவிட்டால் காட்டுச் சேவலின் முள் பார்வைச் சேவலைக் கிழித்துவிடும். ஆண்டுக்கணக்கில் பழக்கிய பறவையை இப்படி ஒரு காலையில் இழக்க நேரும்.

குரலால் பறவையை அழைக்கும் கலை சிலாங்கூரில் காட்டுக்கோழியோடு நிற்கவில்லை. சிலாங்கூர் அரசுப் பணியில் இருந்த வால்டர் ஸ்கீட் 1900இல் வெளியிட்ட மலாய் மந்திர வழக்குகள் பற்றிய பெருநூலில் காட்டுப் புறாவைப் பிடிக்கும் முறை விரிவாகவே வருகிறது. வேட்டைக்காரர் தழையால் வேய்ந்த சிறு குடிலுக்குள் மறைந்து அமர்வார். நீண்ட மூங்கில் குழலை ஊதிப் புறாவின் குரலை எழுப்புவார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மந்திரம் சொல்வார். குரல் கொடுத்தும் வராத பறவையின் மனத்தைத் திருப்புவதே அந்த மந்திரங்களில் பலவற்றின் நோக்கம். அழைப்புக்கு இணங்காத பறவை, அந்தக் காலத்திலேயே இந்தத் தொழிலின் மையச் சிக்கலாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ரிச்சர்ட் வின்ஸ்டட் 1911இல் மலாய்த் தொழில்கள் பற்றி எழுதிய தொகுதியும் மீன்பிடிப்போடு வேட்டைக்கும் கண்ணிக்கும் இடம் ஒதுக்கியது.

இந்த நிலத்துக்குத் தமிழர் திரளாக வந்தது தோட்டங்களோடுதான். 1890களில் காப்பியும் தென்னையும், இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் ரப்பரும் சிலாங்கூர் ஆற்றங்கரையை மாற்றின. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே 1905இல் மலாயாவுக்கு வந்து ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார்; 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கினார். ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, உலு சிலாங்கூர் என்று தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியாகத் திருச்சி, தஞ்சை, சேலம், வடாற்காடு மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் பயணத்தைத் தடை செய்யும்வரை இந்த வரவு நீடித்தது.

வந்தவர்களுக்குப் பார்வை வைத்துப் பிடிக்கும் முறை புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படை எயினரின் குடியிருப்பைச் சொல்லும்போது விளாமரத்தில் பார்வை மான் கட்டியிருப்பதைக் குறிப்பிடுகிறது. வளர்த்த கவுதாரியைக் கூண்டில் வைத்துக் காட்டுக் கவுதாரியைக் கூப்பிட்டுப் பிடிப்பது தமிழகத்துப் புன்செய்க் காடுகளில் அண்மைக்காலம்வரை நடந்தது. ஆனால் கோழி விஷயத்தில் அவர்கள் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. தமிழகத்து மலைக்காடுகளில் உள்ளது சாம்பல் காட்டுக்கோழி. அது வேறு இனம். அதன் கூவல் வேறு. கூவும் முன் சிறகடிக்கும் வழக்கமும் அதற்கில்லை. செங்காட்டுக்கோழியின் எல்லை இந்தியாவில் கோதாவரிப் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. சமவெளி ஊர்களிலிருந்து வந்த பலர் காட்டுக்கோழியைக் கண்ணால் பார்த்ததே மலாயாவில்தான் என்று கொள்வதில் தவறில்லை. பார்வைச் சேவலைப் பழக்குவதும் ராச்சிக் நடுவதும் பக்கத்துக் கம்பத்து (சிற்றூர்) மலாய்க்காரர்களிடமிருந்து தோட்டத்துக்குள் வந்தவை. பறவையின் தடம் பார்ப்பதில் உலு சிலாங்கூரின் பூர்வகுடிகளான தெமுவான் மக்கள் இரு தரப்பாரையும்விட மூத்தவர்கள். அவர்களுடைய சும்பித் எனும் ஊதுகுழலுக்குக் கூவலும் தேவையில்லை, பார்வையும் தேவையில்லை.

தோட்டத்து வாழ்க்கையின் நேர ஒழுங்கு இந்த வேட்டையைத் தனி வழியில் திருப்பியது. சேவல் அதிகம் கூவும் விடியற்காலையில் தொழிலாளி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டிருப்பார். அதன்பின் நண்பகலை ஒட்டிய நேரம்வரை பால்மர வெட்டு, பால் எடுப்பு, நிறுவை. ஓய்வு கிடைப்பது பிற்பகலிலும் ஞாயிற்றுக்கிழமையிலும், மழை பெய்து மரம் வெட்ட முடியாத நாளிலும்தான். ஞாயிறு விடியலைத் தவிர இவையெல்லாம் சேவல் குறைவாகக் கூவும் நேரங்கள். கம்பத்து வேட்டைக்காரருக்கு எப்போதாவது எதிர்ப்படும் பதில் கூவாத சேவல், தோட்டத்து வேட்டைக்காரருக்கு அன்றாடச் சிக்கலாயிற்று. ஆனால் அவரிடம் வேறொன்று இருந்தது. நாள்தோறும் அதே நிரையில் அதே மரங்களை வெட்டியதால், எந்தப் புதரோரம் கோழி சீய்க்கிறது, எந்த மரத்தில் அடைகிறது என்பதெல்லாம் வேலையோடு வேலையாகத் தெரிந்துவிடும்.

சேவல் பதில் கூவாமைக்குப் பல காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வழி வேண்டும்.

முதலாவது, அதன் தகுதி. கூட்டத்தில் மேலிடத்துச் சேவல் கூவிய பிறகே மற்றவை கூவும். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்த்து வைத்த வளர்ப்புச் சேவல்களில், தகுதியில் முதன்மையானது முதலில் கூவுவதையும் மற்றவை தகுதி வரிசைப்படி பின்தொடர்வதையும் 2015இல் நிறுவினார்கள். காட்டிலும் கீழ்த்தகுதிச் சேவல்கள் குரலை அடக்கிக்கொண்டு ஓரமாக வாழ்கின்றன. பலமான பார்வைச் சேவலின் குரல் கேட்டால் அவை வரமாட்டா, விலகும். இத்தகைய பறவைக்கு இளஞ்சேவலைப் பார்வையாகக் கட்டுவார்கள். அல்லது சேவலையே விட்டுவிட்டுப் பெட்டைக் கோழியைக் கட்டுவார்கள். குரலைவிட ஓசை பயன்படும் இடமும் இதுதான்: தொடையில் உள்ளங்கையைத் தட்டிச் சிறகடிப்பைப் போலக் காட்டுவதும், சருகைக் கிளறிக் கோழி சீய்ப்பதைப் போலக் காட்டுவதும்.

இரண்டாவது, துணை. பெட்டைகளோடு மேயும் சேவலுக்குத் தொலைவில் கேட்கும் குரல் பொருட்டில்லை. பெட்டைகள் எந்தப் பக்கம் மேய்கின்றனவோ அந்தப் பக்கமே அது நகரும். பெட்டை முட்டையிட்டு அடைகாக்கப் போனபிறகே சேவல் தனித்து விடப்படும். வழக்கமாக நான்கு முதல் ஏழு முட்டைகள் வரை, ஏறத்தாழ மூன்று வாரங்கள். இந்த இடைவெளியில் பத்து நாள் முன்புவரை பேசாமல் இருந்த சேவல் முதல் கூவலுக்கே ஓடிவரும். ஆகவே கூட்டத்தோடு கண்ட சேவலை அன்றே பிடிக்க முனையாமல் அடையாளம் வைத்துக்கொண்டு காத்திருப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

மூன்றாவது, பருவம். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் கலப்பற்ற காட்டுச் சேவல் கழுத்தின் பொன்னிற இறகுகளையும் வால் வளைவுகளையும் உதிர்த்துவிட்டுக் கரிய சிற்றிறகு பூணும். கொண்டை சுருங்கும், கூவல் அநேகமாக நின்றுவிடும். அந்த மாதங்களில் எந்தப் பார்வையும் பலிக்காது. மலாயாவில் இனப்பெருக்கத்தின் உச்சம் ஆண்டின் முற்பகுதியில் வருகிறது. ரப்பர் மரம் இலையுதிர்க்கும் காலமும் அதுவே. தரையெங்கும் காய்ந்த இலை கிடப்பதால் மனிதர் ஒரு அடி வைத்தாலும் ஓசை கேட்டுவிடும். சேவல் மிகுதியாகக் கூவும் காலமும், வேட்டைக்காரர் அசைய முடியாத காலமும் ஒன்றாக வந்தன. தோட்டத்து வேட்டையில் நடமாட்டத்தைவிட முன்கூட்டியே போய் அமர்ந்திருப்பது முதன்மை பெற்றதற்கு இந்தச் சருகு ஒரு காரணம்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் கடினம்: ஒருமுறை மாட்டித் தப்பிய சேவல். சுருக்கிலிருந்து உருவிக்கொண்டு ஓடியதோ, தன்னோடு மேய்ந்த மற்றொன்று மாட்டியதைக் கண்டதோ, பின்னர் பார்வைக் குரலுக்கு மாறாக நடந்துகொள்ளும். கூவாமல் வரும், நேரே வராமல் வட்டமடித்து வரும், புதருக்குள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். குரல் வந்த இடத்தையே கண்காணித்துக்கொண்டிருக்கும் வேட்டைக்காரருக்கு, பின்பக்கம் அது வந்து போனதே தெரியாது. மறுநாள் தடத்தைப் பார்த்துத்தான் அறிவார். இந்தப் பறவையிடம் பார்வைச் சேவலின் பங்கு மாறிவிடுகிறது. அழைப்பதற்குப் பதில் அதன் கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பதே பார்வைச் சேவலின் வேலை. கண்ணிகள் பார்வையைச் சுற்றி வைக்கப்படாமல், அந்த வட்டப்பாதை எங்கே போகும் என்று கணித்து அங்கே வைக்கப்படும்.

பாதையைக் கணிப்பதற்கு வடசிலாங்கூரின் நிலமே கைகொடுத்தது. கடலோரக் களிமண் தோட்டங்கள் கால்வாய் வெட்டி வடித்த நிலங்கள். கோழி பறக்கக்கூடியதுதான், ஆனால் மேயும்போது நடக்கவே விரும்பும். கால்வாய்க்குக் குறுக்கே மரம் விழுந்து கிடந்தால் அதன்மேல் நடந்து கடக்கும். கரையில் புதர் விட்ட இடைவெளி வழியே நுழையும். அத்தகைய இடங்களில் கிடக்கும் எச்சமும் உதிர்ந்த சிற்றிறகும் சீய்த்த மண்ணும் சேவலின் குரலைவிட நம்பத்தக்க செய்தி. தழையை ஒடித்து முழங்கால் உயரத்துக்குத் தாழ்வேலி போட்டு, நடுநடுவே வாயில் விட்டு, ஒவ்வொரு வாயிலிலும் ஒரு சுருக்கு வைக்கும் முறைக்குப் பார்வைச் சேவலே தேவையில்லை. வேலியைத் தாண்டிப் பறக்க ஒரு நொடி போதும். ஆனாலும் மேயும் கோழி வாயிலைத் தேடியே நடக்கும். பெருமை குறைந்த முறை இது. பார்வைச் சேவல் வைத்திருப்பவர்கள் இதைக் கையாலாகாதவர் வேலை என்று ஒதுக்குவது உண்டு. ஆனால் கூவாத சேவலைப் பிடித்தவை பெரும்பாலும் இந்த வேலிகள்தான்; பறவையைப் பற்றிய அறிவு இதற்கே அதிகம் வேண்டும்.

இதே சிக்கல் வட அமெரிக்காவின் காட்டு வான்கோழி வேட்டையிலும் உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. அங்கே வசந்தகாலத்தில் வேட்டைக்காரர் பெட்டை வான்கோழியின் குரலை எழுப்புகிறார். மரப்பெட்டியில் மூடியை உரசிக் குரல் எழுப்பும் கருவிக்கு 1897இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெறப்பட்டது. ஆனால் வான்கோழிகளிடையே ஆண் ஓரிடத்தில் நின்று முழங்கும், பெட்டைதான் அதைத் தேடிப் போகும். பெட்டைக் குரல் கொடுத்து ஆணை வரவழைப்பது பறவையின் இயல்புக்கு எதிர்த்திசையில் நடக்கும் வேலை. அதனால் பாதி வழி வந்து நின்றுவிடும் வான்கோழிகளும், பெட்டைகள் சூழ இருப்பதால் அசையாத வான்கோழிகளும் அங்கே மிகுதி. மலாயாவின் பார்வைச் சேவல் எழுப்புவது போர் அழைப்பு. அது பறவையின் இயல்போடு ஒத்துப்போகிறது. எனவே வரும் சேவல் வேகமாக வரும், வராத சேவல் அடியோடு வராது. இரண்டிலும் அனுபவசாலிகள் எட்டிய வழி ஒன்றே: அழைப்பை நிறுத்திவிட்டு, பறவை தானாகப் போக இருந்த இடத்துக்கு அதற்கு முன்பே போய் உட்காருவது.

பார்வைக் குரலுக்கு வந்து மாட்டியவை பெரும்பாலும் எல்லை ஆண்ட மேலிடத்துச் சேவல்கள். அவை போனபின் அந்த இடத்தை எடுத்துக்கொண்டவை ஓரத்தில் ஒதுங்கியிருந்தவை. நூறாண்டு வேட்டைக்குப் பிறகும் தோட்டங்களில் காட்டுக்கோழி அற்றுப்போகாமல் இருந்ததில் இந்த ஒதுங்கிய சேவல்களுக்குப் பங்குண்டு என்று கருத இடமிருக்கிறது.

தோட்டத்தில் துப்பாக்கி துரைமாருடையது. காட்டுக்கோழி, பச்சைப்புறா, தஞ்சோங் காராங் நெல்வயலில் வடக்கின் குளிர்காலத்தில் வந்திறங்கும் உள்ளான் ஆகியவை அவர்களுடைய விடுமுறை வேட்டை. தொழிலாளிக்குக் கண்ணிதான். 1942இல் ஜப்பானியர் வந்தபோது தோட்டங்கள் கவனிப்பாரின்றிப் புதர் மண்டின. அரிசி அரிதாகி மரவள்ளி உணவாயிற்று. கண்ணியில் விழும் கோழிக்கு அந்த ஆண்டுகளில் இருந்த மதிப்பை விளக்க வேண்டியதில்லை. ஆனால் சயாம் ரயில்பாதைக்கு ஆண்கள் கொண்டுசெல்லப்பட்டதால் பல லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கண்ணி வைக்கும் கைகளே குறைந்துபோயின.

1948 ஜூனில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் உலு சிலாங்கூரின் பத்தாங் காலியில் ரப்பர்த் தோட்டமொன்றில் 24 பேர் பிரிட்டிஷ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். தோட்டத்து லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. ஊரடங்கு நேரம் வந்தது. உணவை வேலிக்கு வெளியே கொண்டுபோவது தடுக்கப்பட்டது. காட்டோரப் புதரில் அசையாமல் மறைந்திருப்பதே முழு உத்தியாக உள்ள வேட்டை, இரு தரப்புத் துப்பாக்கிகளுக்கும் இடையில் உயிருக்கு ஆபத்தானது. பார்வைச் சேவல் வேட்டை தோட்டங்களில் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அறுபட்டது அப்போதுதான். 1960இல் அவசரகாலம் முடிந்தபின் அது மீண்டது. ஆனால் குஞ்சிலிருந்து சேவலைப் பழக்கும் பொறுமை கொண்டவர்கள் குறைந்துவிட்டார்கள். தாழ்வேலியும் வழிக்கண்ணியும் மிகுந்தன.

1960களிலிருந்து ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. காட்டுக்கோழிக்கு இது கெடுதல் செய்யவில்லை. வெட்டிக் குவித்த மட்டைகள் மறைவிடமாயின. உதிர்ந்த செம்பனைப் பழம் உணவாயிற்று. கறையானும் எறும்பும் மட்டைக் குவியலில் பெருகின. மலேசிய புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளைநிலக் காட்டுக்கோழிகளின் உணவை ஆராய்ந்து இவற்றையே முதன்மையாகக் கண்டார்கள். வேட்டைக்காரருக்குத்தான் நிலம் அன்னியமாயிற்று. வெட்டுக்காரர் நாள்தோறும் அதே மரங்களுக்குத் திரும்பி வருவார். செம்பனைக் குலை அறுப்போர் ஒரு நிரைக்குத் திரும்பி வரப் பல நாளாகும். பழைய நெருக்கமான கவனிப்பு அத்துடன் போயிற்று. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் மக்களே வெளியேறினார்கள்.

சட்டமும் இறுகியது. காட்டு விலங்கு, பறவைப் பாதுகாப்புக்கு 1955இல் ஓர் ஆணைச்சட்டமும் 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. 2010இன் வனவுயிர்ப் பேணல் சட்டம் 1972இன் சட்டத்தை அகற்றி அதன் இடத்தைப் பிடித்தது. காட்டுக்கோழியை வேட்டையாட பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். வனவிலங்குகளுக்குக் கண்ணி வைப்பதற்குக் கடும் தண்டனை உண்டு. 2022இன் திருத்தம் தண்டனைகளை மேலும் உயர்த்தியது. கண்ணிக்கு இந்தக் கடுமை நியாயமானது. வழியில் வைத்த சுருக்குக்கு எந்தக் கால் வந்து விழுகிறது என்று தெரியாது.

இன்று பதிவு செய்த கூவலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அழைப்பவர்கள் உண்டு. ஒரே குரல் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப ஒலிப்பதால் சேவல் விரைவில் அதைக் கற்றுக்கொள்கிறது. கூவாத சேவல்கள் பெருகுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

லயத்துக் கோழிகளும் கம்பத்துக் கோழிகளும் தோட்ட ஓரத்தில் மேய்ந்து காட்டுக்கோழியோடு கலப்பது பழைய கதை. இதன் விளைவு இறகில் தெரிகிறது. வீட்டுச் சேவல் பருவம் முடிந்து கரிய இறகு பூணுவதில்லை. அருங்காட்சியகங்களில் உள்ள பதப்படுத்திய தோல்களை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள், தென்கிழக்காசியாவின் பல பகுதிகளில் இந்தப் பருவ நிறமாற்றம் நெடுங்காலம் முன்பே மறையத் தொடங்கியதை 1990களின் இறுதியில் எடுத்துக்காட்டி, வீட்டுக்கோழி இரத்தம் கலந்ததன் அடையாளம் அது என்றார்கள். கலப்புச் சேவல் ஆண்டு முழுவதும் கூவும், எந்த மாதத்திலும் பதில் கொடுக்கும். செம்பனைத் தோட்டத்தில் பருவம் முடிந்ததும் வாயடைத்துக் கறுத்துப்போகும் சேவல் ஒன்று இன்றும் இருக்குமானால், அதன் உடலில் காட்டின் இரத்தமே மிகுதி.